பால் வெள்ளையும் கேளாத காதும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தை. உடம்பெல்லாம் பால் வெள்ளை, ரோஸ் மூக்கு என்றால் சுத்த ரகம். காதோரம் ஒரு பழுப்புத் திட்டு தெரிந்தாலும் கலப்பு. 2005இல் அஞ்சல்தலையிலேயே இடம்பிடித்த இனம், அதன் வெள்ளைக்குப் பெருமைப்படுவதில் தப்பில்லை. வெள்ளையை வைத்தே தூய்மையை அளப்பதுதான் தப்பு. இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை வளர்ப்பவர்கள் நெடுநாளாக அறிவார்கள். வெடிச்சத்தம், தாய்க்குத் தீனிக் குறைவு என்று அதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வதுண்டு. பிறவிச் செவிட்டுக்கு அவை பொருந்தாது.

முடிக்கு நிறம் தரும் செல்கள் கருவில் முதுகுப்பக்கம் தோன்றி உடலெங்கும் பரவுகின்றன; அவை சேராத இடத்தில் முடி வெள்ளையாகிறது. அதே வகைச் செல்கள் உட்செவியிலும் வேண்டும். அவை அங்கே போய்ச் சேராவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களில் ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். அப்படியானால் நிறமே இல்லாமல் பிறக்கும் அல்பினோவும் செவிடாகுமே என்று கேட்கலாம். ஆகாது. அல்பினோவில் செல்கள் இருக்கின்றன, நிறத்தைத்தான் செய்வதில்லை. டால்மேஷியன் நாய்களில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது: அமெரிக்காவில் சோதித்தவற்றில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்கவில்லை. பிறக்கும்போதே கருந்திட்டு உள்ள குட்டிகளில் இந்தக் குறை குறைவு. நாய்க் கண்காட்சி விதியோ அந்தத் திட்டைத்தான் குறை என்று தள்ளுகிறது! நிற மரபணு நிறத்தோடு நிற்காது என்பதற்கு மாட்டிலும் சான்று உண்டு. சிமெண்டால் என்ற இன மாட்டைக் கறுப்பு இன மாட்டோடு சேர்த்தால் சில கன்றுகள் சுருண்ட முடியும் மயிர் குறைந்த வாலுமாகப் பிறக்கின்றன. பெற்றோர் இருவரிடமும் பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது.

‘எங்கள் நாய் கூப்பிட்டால் ஓடி வருகிறதே’ என்பது வலுவான மறுப்பு போலத் தோன்றும். ஒரு காது மட்டும் கேட்கும் நாயும் ஓடித்தான் வரும். சத்தம் எந்தத் திசை என்பதில்தான் தடுமாறும். முழுச் செவிட்டுக் குட்டிகூட உடன்பிறந்தவற்றைப் பார்த்து ஓடி ஏமாற்றிவிடும். அதனால் கைதட்டிப் பார்ப்பது போதாது. மூளைக்குப் போகும் ஒலிச் சைகையை அளக்கும் சோதனையைக் குட்டிக்கு ஐந்து வாரமானதும் செய்யலாம், ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக. வெள்ளையை விட்டால் இனமே போய்விடும் என்று அஞ்சுபவர்கள் வெள்ளையை விட வேண்டியதில்லை. இரு காதும் கேட்கும் நாய்களை மட்டும் இணை சேர்த்து, திட்டுள்ள குட்டியைக் கழிக்காமல் வைத்துக்கொண்டால், செவிட்டுக் குட்டிகள் பிறப்பது குறையும்.