லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் மாற்றப்போகிறீர்களா?

பழைய லேப்டாப்புக்குள் ‘டிக்... டிக்...’ என்று விட்டுவிட்டுச் சத்தம் கேட்டால், ஹார்ட் டிஸ்க்கின் ஆயுள் பெரும்பாலும் முடிந்துவிட்டது. பலர் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பார்கள். அதைச் செய்யவே கூடாது. உள்ளே சுழலும் தட்டில் கீறல் விழுந்தால், குடும்பப் படங்களை மீட்கும் வாய்ப்பும் போய்விடும்.

சத்தமே இல்லாமல் நின்றுபோன டிஸ்க் வேறு கதை. பழுது கேபிளிலும் இருக்கலாம். 2012-இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் டிஸ்க்கை இணைக்கும் மெல்லிய கேபிள் அடிக்கடி பழுதாகும். புது டிஸ்க் போட்டாலும் கேள்விக்குறி போட்ட ஃபோல்டர்தான் திரையில் தெரியும். பழைய டிஸ்க்கை யு.எஸ்.பி. கேஸில் போட்டு வேறு கணினியில் செருகினால் உண்மை தெரிந்துவிடும்.

புதிதாக வாங்குவதென்றால் எஸ்.எஸ்.டி.தான் சரி. அதில் சுழலும் பாகமே இல்லை. 2.5 அங்குல சாட்டா வகை, பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கும் பொருந்தும். ஆனால் தடிமனைப் பாருங்கள்: திங்க்பேட் எக்ஸ்220-இல் 7 மி.மீ. டிஸ்க்தான் நுழையும், 9.5 மி.மீ. நுழையாது.

கழற்றும் முன் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூக்களின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். எது எங்கே இருந்தது என்று செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கில் இருக்கும் பிராக்கெட்டைக் கழற்றிப் புதியதில் மாட்ட மறந்துவிடாதீர்கள்.