மனிதனை உருவாக்கும் சுற்றுச்சார்பு

தோட்டத்து மக்களின் பழக்கங்களைப் பற்றிப் பேசுவோர், 'அது அவர்களுடைய பிறவிக் குணம்' என்று எளிதாகக் கூறிவிடுவதுண்டு. துரைக்கு அஞ்சிய பணிவுக்கும் கள்ளுக்கும் அவர்கள் கூறும் விளக்கம் இதுவே. இக்கூற்றுப் பொருந்துமா என்பதை நம் பேராவிலிருந்தே ஆராய்வோம்.

ஈப்போவுக்கு அருகிலுள்ள லகாட், ஈயத்தால் வளர்ந்த சிற்றூர். லம்பங்களில் பெரும்பாலும் சீனர்கள் உழைத்தனர். அவ்வட்டாரத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள் குடியமர்த்தப்பட்டனர். மழையும் வெயிலும் இருவருக்கும் ஒன்றே. வாழ்க்கை முறையோ வேறு.

வெயில் ஏறுமுன்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும். ஆகவே இருள் பிரியுமுன் மணி ஒலிக்கும். பெரட்டுக் களத்தில் பெயர் அழைக்கப்படும். தாயும் தந்தையும் பால்வெட்டுக்குச் செல்ல, குழந்தை ஆயாக்கொட்டகையில் வளரும். குடும்பத்தின் உறக்கத்திற்கும் உணவிற்கும், கைக்குழந்தை தாய்ப்பால் அருந்துவதற்கும்கூட மரமே நேரம் வகுத்தது. லயம், கோயில், பள்ளி, கள்ளுக்கடை யாவும் தோட்ட எல்லைக்குள்ளேயே அமைந்திருந்தன.

பத்து காஜாவுக்கு அருகே வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் துரை கட்டிய மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். தொழிலாளருக்காக அவர் எழுப்பிய மாரியம்மன் கோயிலின் மேல், தெய்வ உருவங்களுக்கிடையே கோட்டு அணிந்த மனித உருவம் ஒன்று நிற்கிறது. அது அவரையே குறிக்கும் என்பர். அதை அங்கே வைத்தது நன்றியா, அச்சமா? வேலை, வீடு, மருந்து, கோயில் யாவும் ஒருவர் கையிலிருந்தே வரும் இடத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவது அரிது.

பணிவு பிறவிக் குணமாயின், 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் நிகழ்ந்ததை எவ்வாறு விளக்குவது? ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர், கூலி உயர்வு கேட்டதோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவ வசதி, உறவினர் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்துபோகும் உரிமை ஆகியவற்றைக் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடுமாறும் கோரினர். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிப்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. சைக்கிளில் அமர்ந்தே செல்வது ஒரு கோரிக்கையா என்று இன்று சிலர் வியக்கலாம். நாள்தோறும் இறங்கி நின்றவனுக்கே அதன் கனம் தெரியும். நாதன் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர்.

இத்துணிவு வானிலிருந்து விழுந்ததன்று. அதற்குள் சூழல் மாறத் தொடங்கியிருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்கவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் பள்ளி பெயரளவில்தான் இருந்தது என்றாலும் எழுத்தறிந்த இளைஞர் சிலர் தோன்றினர். 1929 டிசம்பரில் ஈப்போவில் நடைபெற்ற தமிழர் சீர்திருத்த மாநாட்டிற்குப் பெரியார் ஈ.வெ.ரா. வந்தார். 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்கும் வழக்கம் லயங்களில் வேரூன்றியது.

போருக்குப் பின் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவில் 'தொண்டர் படை' இளைஞர்கள், குடிப்போரைக் கண்டித்ததோடு நில்லாமல் கள்ளுக்கடை வாயிலிலேயே மறியல் செய்தனர். குடிப்பவனின் குணத்தோடு, அவன் வீட்டருகே கடை இருப்பதும் குற்றமே என்று அவர்கள் கண்டது கூரிய அறிவு என்றே கூறுவேன்.

பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. வேலி போயிற்று, அதனோடு வேறு சிலவும் போயின. லயத்தில் சாவு என்றால் சொல்லியனுப்பவேண்டியதில்லை. அழுகுரல் கேட்டதும் வாசலில் கூட்டம் நிற்கும். அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் நிகழ்ந்தது ஐந்தாம் மாடிக்குத் தெரிவதில்லை. பிள்ளை நடந்துசென்ற தமிழ்ப்பள்ளிக்கு இப்போது வாகனம் வேண்டியிருக்கிறது. சூழல் தானாகத் தந்தவற்றை இனி யாரேனும் முன்வந்து ஏற்பாடு செய்தாகவேண்டும். கோயில் நிர்வாகக் குழுவும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கூடும்போது, பள்ளி வாகனத்திலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.