ஆமைக்கு மண்ணே போதும்

ஆமை வளர்ப்பவர்கள் விளக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், தீனியைப் பற்றிச் சண்டையே போடுவார்கள். பெட்டிக்குள் கீழே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும், "கடையில் கொடுத்ததை" என்று முடித்துக்கொள்வார்கள். இங்கிலாந்தில் ஒரு ஹெர்மன் ஆமையை வளர்த்துவரும் எனக்கு, மற்ற எல்லாவற்றையும்விட அந்த அடிமண்தான் முக்கியம் என்று படுகிறது.

ஹெர்மன் ஆமையின் ஊர் தெற்கு ஐரோப்பா. ஸ்பெயினிலிருந்து பால்கன் நாடுகள்வரை புதர்க்காடுகளில் திரிவது. அங்கே கோடையில் மேல்மண் காய்ந்து கிடந்தாலும் புதரடியில் ஒரு சாண் தோண்டினால் ஈரம் இருக்கும். ஆமை அதைத் தேடித்தான் உள்ளே புதைகிறது. மேலே உலர்வு, அடியில் ஈரம். பெட்டிக்குள் நாம் கொண்டுவர வேண்டியதும் இதைத்தான்.

ஈரம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? வளரும் குட்டியின் ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் கூம்பு கூம்பாக எழும்பிவிடும். புரதம் அதிகமான தீனிதான் இதற்குக் காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். ஆப்பிரிக்க சல்காட்டா ஆமைக் குட்டிகளை வைத்து வீஸ்னர், ஈபன் என்ற இருவர் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது: புரதத்தின் பங்கு சிறிது, காற்றின் வறட்சியே பெரிய காரணம். எழும்பிய ஓடு பிறகு சமதளமாவதில்லை.

நான் போடுவது உரம் கலக்காத தோட்டத்து மேல்மண் ஆறு பங்கு, குழந்தைகள் விளையாடும் கழுவிய மணல் நான்கு பங்கு. கட்டட மணல் வேண்டாம். தொட்டிச் செடிக்கு விற்கும் கலவை மண்ணும் வேண்டாம். அதில் உரம் இருக்கும், வெள்ளை வெள்ளையாக பெர்லைட் இருக்கும். ஆமை அதைத் தின்னப் பார்க்கும். ஆழம் பத்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, உடல் முழுக்க மறையும் அளவுக்கு இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீரை மேலே தெளிக்காமல் பெட்டியின் மூலைகளில் ஊற்றுங்கள். அது அடியில் பரவும், மேற்பரப்பு உலர்ந்தே இருக்கும். பதம் பார்ப்பதற்கு நம் வீட்டுப் புட்டு மாவுதான் அளவு: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். கையில் நீர் கசிந்தால் அதிகம். ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் ஆமைக்குச் சளி பிடிக்கும், அடி ஓடு அழுகும். பெட்டியில் சூடு சரியாக இருந்தால்தான் ஈரம் நன்மை செய்யும்.

தென்னை நார்த்தூளையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். இங்கே செங்கல் வடிவில் கிடைப்பது இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறி வருவது. பொள்ளாச்சித் தென்னையின் தூளில் ஐரோப்பிய ஆமை புரள்வதில் எனக்கொரு சின்னப் பெருமை உண்டு. ஆனால் தனியாகப் போட்டால் காய்ந்ததும் தூசி பறக்கும், ஈரக் கீரையில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போகும், காலுக்குப் பிடிமானமும் தராது. உப்பு போகக் கழுவி, மண்ணோடு நாலில் ஒரு பங்கு கலந்தால் ஈரத்தை நன்றாகத் தாங்கும்.

கடைக்காரர்கள் கையில் திணிக்கும் மற்றவை பெரும்பாலும் நம் வசதிக்கானவை. பைன், சீடர் மரச்சீவல் வாசனையாக இருக்கும். அந்த வாசனை தரும் எண்ணெய் மூச்சுக்குழலை உறுத்தும். சோளத்தக்கைத் துண்டுகளும் பூனைக்கான உருண்டைகளும் வயிற்றில் ஊறி உப்பும். வெறும் மணலில் கண் எரியும், குடலும் அடைபடலாம். செய்தித்தாளில் கால் வழுக்கும். காயம்பட்ட ஆமையைச் சில நாள் சுத்தமாக வைக்க மட்டும் அது உதவும். மரப்பட்டைத் துண்டுகளை நான் குறை சொல்லமாட்டேன். தென் அமெரிக்கச் சிவப்புக்கால் ஆமை போன்ற காட்டு இனங்களுக்கு அவை பொருத்தமானவை. அதனால்தான் எந்த மண் என்று கேட்பதற்கு முன் எந்த ஆமை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தீனியை ஒரு தட்டைக் கல்லின்மேல் வையுங்கள். மண் வாய்க்குள் போவது குறையும், நகமும் அலகும் தேயும். மண்ணுக்கடியில் வெப்ப விரிப்பு வைக்காதீர்கள். ஆமைக்குச் சூடு மேலிருந்து வர வேண்டும். குளிர்ச்சியைத் தேடிக் கீழே தோண்டும் பிராணிக்கு அங்கேயும் சூடு இருந்தால் அடிவயிறு வெந்துபோகும். வேண்டுமென்றே மண்ணைத் தின்னும் ஆமைக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு இருக்கலாம். மலம் போகாமல் முக்குவதும், பின்னங்கால் தளர்வதும் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அழகாக இருக்கிறதென்று யாராவது நட்சத்திர ஆமையைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். அதை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை வந்துவிட்டது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.