தவக்காலமும் ஓரியூர்ப் பயணமும்

கிறிஸ்தவ அன்பர்களின் தவக்காலத்தை 'நாற்பது நாள் நோன்பு' என்கிறோம். காலண்டரை எடுத்து விபூதிப் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணிப் பார்த்தால் 46 நாள் வரும். கணக்கில் பிழையில்லை. இடையே வரும் ஆறு ஞாயிறும் உயிர்ப்பின் நாள் என்பதால் நோன்பில் சேராது. சபரிமலைக்கு மாலையிட்டு 41 நாள் விரதம் இருப்பவர்களை அறிந்த நம் வாசகர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. இதுவும் ஒரு யாத்திரைதான். வீட்டிலிருந்தபடியே போகிற யாத்திரை.

ஒரு சரக்கு வண்டி எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்பதை ரயில்வேயில் சமதளத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. அந்தப் பகுதியிலேயே கடினமான ஏற்றம் எதுவோ, அதுதான் பாரத்தைத் தீர்மானிக்கும். தவக்காலத்தில் அந்த ஏற்றம் பெரிய வெள்ளி. ஆகவே புறப்படும் இடத்திலேயே சுமையைக் குறைக்கச் சொல்கிறார்கள். புலால் விடுவது அதில் சிறு பகுதி. கோபமும் பழைய பகையும் அல்லவா அதிக எடை!

அப்படிச் சுமை இறக்கி நடந்தவர் அருளானந்தர். 1647-ல் லிஸ்பன் நகரில் பிறந்து, போர்ச்சுகல் அரண்மனையில் வளர்ந்தவர். 1673-ல் கோவா வந்து, பின் மதுரை மிஷனில் சேர்ந்தார். புலால் நீக்கினார், காவி உடுத்தினார், தமிழ் கற்றார், பெயரையும் தமிழாக்கிக்கொண்டார். நமக்கு நாற்பது நாள். அவருக்கு ஆண்டு முழுதும் தவக்காலம். 1686-ல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். ஐரோப்பா திரும்பியவர் அங்கேயே சுகமாக இருந்திருக்கலாம். 1690-ல் மறுபடி வந்துவிட்டார்.

வந்த இடத்தில் தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டுமே வாழவேண்டும் என்பது நிபந்தனை. தேவர் இணங்கினார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவர் அரசரிடம் முறையிட்டார். வரலாறு எழுதுபவர்கள் இந்தப் பெண்ணைக் குற்றவாளி போலவே காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் மனம் திரும்பும்போது அதன் விலையை வேறொருவரும் கொடுக்க நேர்ந்தது. அவர் வருத்தத்தில் நியாயம் இல்லையென்று எப்படிச் சொல்வது?

1693 ஜனவரியில் அருளானந்தர் கைதானார். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். சிறையில் மை கிடையாது. கரியைத் தண்ணீரில் குழைத்து, வைக்கோலால் சக குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டது.

அந்த நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 22. அதற்கு முந்திய தேதியில் ஈஸ்டர் வரவே முடியாது. அதிலிருந்து 46 நாள் பின்னே போனால் பிப்ரவரி 4, விபூதிப் புதன்! மற்றவர்கள் நெற்றியில் சாம்பல் பூசிப் புறப்பட்ட நாளில் இவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

1947-ல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அவர் இரத்தம் சிந்தியதால் சிவந்தது என்று நம்பி, ஓரியூர்ச் செம்மண்ணை மக்கள் இன்றும் எடுத்துச் செல்கிறார்கள். தொம்மலூரிலிருந்து போக விரும்புவோர் மதுரைக்கு ரயிலில் சென்று, தொண்டி சாலையில் திருவாடானை வரை பஸ்ஸில் போகலாம். ஓரியூர் அந்தத் தாலுகாவில்தான். மாசி, பங்குனி வெயில் அங்கே கடுமை. காலையிலேயே போய்விடுங்கள்.