துறைமுகத்து ஆய்வும் சுருக்க இதழ்களும்

நுழையும்முன்

ஓரிடத்தில் நடந்த ஆய்வின் செய்தி, அது தேவைப்படுபவரை எப்போது, எவ்வழியில் சென்றடைகிறது? உலகின் ஆய்வுக் கட்டுரைகளைச் சுருக்கித் தரும் இதழ்கள் எவற்றை எடுத்துக்கொண்டன, எவற்றை விட்டன, எவ்வளவு காலம் தாழ்ந்தன என்பதை வடசென்னைக் கடற்கரையிலிருந்து பார்க்கிறது இவ்வுரைநடை.

படகின் அடியில்

இராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் செல்வோர், பழுதுபார்ப்பதற்காகக் கரையேற்றப்பட்ட படகுகளைக் கண்டிருக்கலாம். அவற்றின் அடிப்பகுதியில் சுண்ணாம்புக் கட்டிகளைப் போன்ற வெண்ணிறக் கூடுகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். அவை கொட்டலசு எனப்படும் ஓட்டுயிரிகள். அவற்றோடு சிப்பிகளும் குழாய்ப்புழுக்களும் பாசியும் சேர்ந்துகொள்ளும். இவற்றைச் சுரண்டி எடுத்து வண்ணம் பூசிய பின்னரே படகு மீண்டும் நீரில் இறங்கும். சுரண்டாமல் விட்டால் படகின் வேகம் குறையும், எரிபொருட்செலவு கூடும். பெருங்கப்பல்களுக்கும் இதே இடர்தான். கடல்நீரைக் கொண்டு குளிரூட்டும் ஆலைகளுக்கு இடர் இன்னும் பெரிது. நீர் வரும் குழாயின் உட்சுவரிலேயே சிப்பிகள் குடியேறி வழியைக் குறுக்கிவிடும்.

இவ்வுயிரிகள் எவ்வளவு விரைவில் ஒட்டுகின்றன, எம்மாதங்களில் இனம்பெருக்குகின்றன என்பதைச் சென்னைத் துறைமுகத்து நீரிலேயே ஆராய்ந்து எழுதியவர் எம். டி. பால். துறைமுகத்தில் ஒட்டி வாழும் சில உயிரிகளின் வளர்ச்சியும் இனப்பெருக்கமும் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை, இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கைத் தொகுதியில் 1942ஆம் ஆண்டு வெளிவந்தது. அக்கழகம் 1934இல் சர் சி. வி. இராமனால் பெங்களூரில் நிறுவப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1954இல், ஏ. டேனியல் என்பார் அதே துறைமுகத்தில் இவ்வுயிரிக் கூட்டங்கள் பருவந்தோறும் மாறுவதையும், ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறுவதையும் ஆராய்ந்து சென்னைப் பல்கலைக்கழக இதழில் எழுதினார்.

இவ்விரு கட்டுரைகளும் உள்ளூர்ச் செய்திகள் மட்டும் அல்ல. குளிர்நாட்டுக் கடல்களில் இத்தகைய உயிரிகள் குறிப்பிட்ட பருவத்தில்தான் மிகுதியாக இனம்பெருக்கும். வெப்பமண்டலத் துறைமுகத்தில் அப்படி ஓய்வுக்காலம் பார்த்துக் கப்பலைக் கரையேற்ற இயலாது. எனவே, மும்பையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கப்பல் பேணுவோருக்கு ஐரோப்பியக் கடலின் கணக்கைவிடச் சென்னையின் கணக்கே பயன்படும். ஆனால், சென்னையில் இப்படியொரு கணக்கு இருக்கிறது என்பதை அவர்கள் எவ்வாறு அறிவது?

சுருக்கும் கலை

பழைய நூல்களைச் சுருக்கித் தருவது தமிழுக்குப் புதிதன்று. வழிநூல் செய்யும் முறைகளுள் முதலாவதாகத் தொகுத்தலையே தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. விரிந்ததைத் தொகுத்தல், படிப்பவர்மீது கொண்ட பரிவால் செய்யப்படுவது. அறிவியலுலகில் இப்பணி தனித்தொழிலாக வளர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். வேதியியலுக்காக 1830இல் செருமனியில் ஒரு சுருக்க இதழ் தோன்றியது. விலங்கியல் ஆய்வுகளை ஆண்டுதோறும் பட்டியலிடும் தொகுதி 1864 முதல் இலண்டனில் உருவானது. அமெரிக்க வேதியியல் கழகம் 1907இல் 'கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' இதழைத் தொடங்கியது. முதலாண்டில் ஏறத்தாழ 12,000 சுருக்கங்கள் அதில் இடம்பெற்றன. உயிரியலுக்கென 'பயாலஜிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' 1926இல் பிலடெல்பியாவிலிருந்து வெளிவரலாயிற்று.

ஆய்வுச் சுருக்கம் என்பது கட்டுரையின் தலைப்பை மட்டும் தருவதன்று. ஆய்வு எங்கே, எம்முறையில் நடந்தது, என்ன கண்டறியப்பட்டது என்பவற்றைச் சில வரிகளில் கூறுவது. அதைப் படிப்பவர், முழுக்கட்டுரையைத் தேடிப் படிக்கலாமா வேண்டாமா என்று உடனே முடிவுசெய்யலாம். வேற்றுமொழிக் கட்டுரையாயின், பலருக்குச் சுருக்கமே கட்டுரைக்கு ஈடாக நின்றுவிடும். இத்துணைப் பொறுப்பு வாய்ந்த பணியை நெடுங்காலம் செய்து வந்தவர்களுள் பெரும்பாலோர் மிகச் சிறிய ஊதியத்துக்கோ ஊதியமின்றியோ உழைத்த அறிவியலாளர்கள். பகலில் ஆய்வுக்கூடம், இரவில் பிறர் ஆய்வைச் சுருக்குதல். அவர்களுடைய பெயர்கள் பல சுருக்கங்களின் அடியில் சிற்றெழுத்தில் அச்சாகியிருப்பதோடு சரி.

காலத்தாழ்வு

சென்னைப் பல்கலைக்கழக இதழின் ஒரு பிரதி ஐம்பதுகளில் மேற்கொண்ட பயணத்தை எண்ணிப்பார்ப்போம். அச்சகத்திலிருந்து வரும்போதே அது காலந்தாழ்ந்திருக்கக்கூடும். அட்டையில் சனவரி என்றிருக்கும். கைக்கு வருவது ஆவணியாக இருக்கும். பின் கப்பல் அஞ்சலில் பல வாரங்கள். அயல்நாட்டு அலுவலகம் சேர்ந்ததும் பதிவு, பிறகு தெரிவு. கட்டுரை கடலுயிரியல் சார்ந்தது என்றால் அத்துறை வல்லுநர் ஒருவருக்கு அனுப்பப்பட வேண்டும். அவர் தம் வேலைகளுக்கிடையே சுருக்கம் எழுதித் திருப்ப வேண்டும். பின் வகைப்படுத்தல், அச்சுக்கோத்தல், மெய்ப்புத் திருத்தம். சுருக்கம் வெளிவந்தபின்னும் வேலை முடிவதில்லை. ஆண்டிறுதிப் பொருளகராதி வந்தால்தான் 'சென்னை', 'துறைமுகம்', 'கொட்டலசு' என்னும் சொற்களின்வழி அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். இவ்வாறு ஓராண்டும் இரண்டாண்டும் கழிவது அக்காலத்தில் அரிதன்று.

பாலின் கட்டுரை வெளிவந்த 1942ஆம் ஆண்டின் நிலையோ இன்னும் கடுமை. அவ்வாண்டு ஏப்ரலில் சப்பானியர் தாக்கக்கூடும் என்னும் அச்சத்தால் சென்னை மக்களுள் பெருந்திரளானோர் நகரைவிட்டே வெளியேறினர். கடல்வழிகளில் போர். இதழ் ஏற்றிய கப்பல் போய்ச்சேரும் என்பதற்கே உறுதியில்லை. கப்பல்கள் மிகுதியாகத் தேவைப்பட்ட காலத்தில், கப்பலைப் பேணுவதற்கு உதவும் ஆய்வைக் கொண்டுசெல்லக் கப்பல்வழி திறந்திருக்கவில்லை.

இத்தாழ்வை முன்பே உணர்ந்து வேறு வழி கண்டவர் இராமன். 1928இல் தம் புதிய ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை இந்திய இயற்பியல் இதழில் வெளியிட்டபோது, யாரேனும் சுருக்கி எழுதட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கட்டுரையின் தனிப்படிகளை அச்சிட்டு உலகெங்கும் உள்ள இயற்பியலாருக்குத் தாமே அஞ்சலில் அனுப்பினார். அதே காலத்தில் மாசுகோவில் அதே நிகழ்வைக் கண்டறிந்தோர் உலகுக்கு அறிவிப்பதில் பிந்தினர். ஆனால், இராமனிடம் இருந்த துணிவும் தொடர்புகளும் அஞ்சற்செலவுக்கான பணமும் ஒரு கல்லூரி ஆய்வாளரிடம் இருக்கும் என எதிர்பார்ப்பது முறையாகாது.

எல்லைக்கு வெளியே

காலத்தாழ்வாவது ஒருநாள் தீரும். இதழின் பட்டியலிலேயே இடம்பெறாத கட்டுரைக்கு அந்த நம்பிக்கையும் இல்லை.

இதனை எண்ணிக்கையில் காட்டியவர் இலண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தைச் சேர்ந்த சாமுவேல் பிராட்போர்டு. ஒரு துறைக்குரிய கட்டுரைகள் சில இதழ்களில் செறிந்தும் மிகப்பல இதழ்களில் சிதறியும் கிடக்கின்றன என 1934இல் அவர் எடுத்துக்காட்டினார். ஆண்டுதோறும் வெளிவரும் அறிவியல், தொழில்நுட்பக் கட்டுரைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சுருக்க இதழ்களில் இடம்பெறுகின்றன என்பதும் அவருடைய கணக்கு. சுருக்க இதழ்கள் குறைவாக இருந்தமையால் நேர்ந்த குறை அன்று இது. நூற்றுக்கணக்கான சுருக்க இதழ்கள் இருந்தன. எல்லாம் புகழ்பெற்ற அதே இதழ்களையே திரும்பத் திரும்பச் சுருக்கின. சிதறிக் கிடந்தவற்றை யாரும் பொறுக்கவில்லை. 1948இல் அரச கழகம் இலண்டனில் கூட்டிய அறிவியல் செய்தி மாநாடு இச்சிக்கலை ஆராய்ந்தது.

பிற்காலத்தில் யூசின் கார்ஃபீல்டு தொடங்கிய மேற்கோள் சுட்டி, பிறரால் மிகுதியாக எடுத்தாளப்படும் இதழ்களைத் தேர்ந்து அவற்றையே முதன்மையாகக் கொண்டது. செலவு நோக்கில் இது சரியான முடிவே. ஆயினும், ஓர் இதழை யாரும் காணாவிட்டால் எப்படி எடுத்தாள்வர்? எடுத்தாளப்படாததால் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததால் எடுத்தாளப்படுவதில்லை. சென்னை, கொச்சி, டாக்கா போன்ற ஊர்களின் இதழ்கள் பல இச்சுழலில் சிக்கின. நல்ல கட்டுரை எழுதியவர்கள் அதனை அயல்நாட்டு இதழுக்கு அனுப்பத் தொடங்கினர். அதனால் உள்ளூர் இதழ்கள் மேலும் மெலிந்தன. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டு முயற்சி

இந்தியா இதனைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி இரா. அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்பவரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. ஆய்வுச்சுருக்கத்தின் நோக்கமும் அதுவே. விடுதலைக்குப்பின் 1952இல் யுனெசுகோவின் உதவியோடு இந்தியத் தேசிய அறிவியல் ஆவண மையம் புதுதில்லியில் அமைந்தது. இந்திய ஆய்வுகளை எல்லாம் ஓரிடத்தில் சுருக்கித் தரும் 'இந்தியன் சயின்ஸ் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' இதழை அம்மையம் 1965இல் தொடங்கியது.

பரப்பைப் பொறுத்தவரை இது பெரும் சாதனை. அயல்நாட்டார் விட்ட சிற்றிதழ்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. விரைவு மட்டும் எளிதில் கைகூடவில்லை. மூல இதழே காலந்தாழ்ந்து வரும்போது அதைச் சுருக்குபவர் என் செய்வார்? கடல், மீன்வளம் சார்ந்த ஆய்வுகளுக்கென ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1971 முதல் நடத்திய சுருக்கத் தொகுதி வேறொரு நல்வழியைக் காட்டியது. ஒவ்வொரு நாட்டின் மையமும் தன் நாட்டுச் செய்திகளைத் தானே சுருக்கித் தரவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஊரில் இருப்பவருக்குத்தானே ஊரில் வெளிவருபவை தெரியும்?

எண்ணூர் முகத்துவாரம்

கொசத்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் வந்துசேரும் எண்ணூர் முகத்துவாரத்தில், விட்டுப்போன ஆய்வின் விலை கண்கூடாகத் தெரிகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கியது. வடசென்னை அனல்மின் நிலையமும் துறைமுகமும் பின்னர் வந்தன. சாம்பலும் கழிவும் நீரில் சேர்ந்தன. 2017 சனவரி 28 அன்று துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் பரவியது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்தில் புகுந்தது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் எண்ணெய் படிந்த வலைகளோடு கரையில் நின்றன.

இத்தகைய வேளைகளில் ஆய்வுக்குழுக்களும் தீர்ப்பாயமும் முதலில் கேட்பது, "முன்பு இந்நீர் எவ்வாறு இருந்தது?" என்பதே. பாடு பார்க்கும் முதியவர், தம் இளமையில் எந்தச் சேற்றில் எந்த இறால் கிடைத்தது என்பதைத் தெளிவாகச் சொல்வார். ஆனால் ஏட்டில் எழுதாத சொல்லுக்கு அங்கே எடை குறைவு. எழுதப்பட்ட சான்று வேண்டும். அப்படிப்பட்ட சான்றுகள் இந்நகருக்கு இல்லாமல் இல்லை. சென்னையின் உவர்நீர் உயிரினங்கள் பற்றி என். கே. பணிக்கரும் ஆர். கோபால ஐயரும் எழுதிய விரிவான கட்டுரை 1937இலேயே இந்திய அறிவியல் கழகத் தொகுதியில் வந்துள்ளது. அதுபோன்றவை தவிர, பல்கலைக்கழக ஆய்வேடுகள், மீன்வளத்துறை அறிக்கைகள், பொதுப்பணித்துறைக் குறிப்புகள் எனப் பல வகை உண்டு. அறிக்கைகள் இதழ்கள் அல்ல என்பதால், சுருக்க இதழ்கள் அவற்றைப் பெரும்பாலும் தொடுவதேயில்லை. தமிழில் எழுதப்பட்டவை இன்னும் தொலைவில் நிற்கின்றன. மாற்றத்தை அளக்கும் முதற்கோடு அக்காகிதங்களில் இருக்கிறது. கோடு கிடைக்காவிடில், இழப்பை மெய்ப்பிக்கும் சுமை இழந்தவர் தோள்மீதே விழுகிறது.

இன்று நிலை சற்று மாறியுள்ளது. ஆய்வாளரே சுருக்கம் எழுதிக் கட்டுரையோடு தருவதால் பழைய காலத்தாழ்வு பெரிதும் நீங்கிவிட்டது. இந்திய அறிவியல் கழகத்தின் பழைய தொகுதிகளை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். 1942ஆம் ஆண்டுக் கட்டுரையைக் காசிமேட்டில் நின்றுகொண்டே கைப்பேசியில் திறக்கலாம். 'சோத்கங்கா' தளத்தில் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சேர்ந்து வருகின்றன. 2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால் அரசுக் கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் ஏறத்தாழ 13,000 பன்னாட்டு இதழ்களைப் படிக்க இயலும். இது உலகை நாம் காண உதவும் சாளரம். நம் அலமாரிகளை உலகம் காண்பதற்கான சாளரம் வேறு. அதை நாமே திறக்கவேண்டும். பழைய இதழ்கள் சிலவற்றின் தாள்கள் தொட்டாலே ஒடியும் நிலையில் இருக்கின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஏரி, ஆறு, கடற்கரை ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றிய பழைய அறிக்கையையோ கட்டுரையையோ மாவட்ட நூலகத்தில் தேடுக. ஆய்வு நடந்த இடம், ஆண்டு, முறை, முடிவு ஆகியன விளங்குமாறு எண்பது சொற்களில் தமிழிலும் ஆங்கிலத்திலும் சுருக்கம் எழுதுக.

2. மீனவர், உழவர், நெசவாளர் போன்றோருள் முதியவர் ஒருவரைச் சந்தித்து, தம் தொழிலிடத்தில் அவர் கண்ட மாற்றங்களை ஆண்டுக் குறிப்போடு பதிவுசெய்து, பள்ளி நூலகத்தில் எவரும் தேடி எடுக்கும் வகையில் பொருட்பெயரிட்டு வைக்க.