பணியோட்ட மென்பொருளும் இயக்கச் சூழலும்

முன்னுரை

ஒரே விதைநெல்லை நன்செயில் தூவினால் ஒரு விளைச்சல். வானம் பார்த்த மேட்டு நிலத்தில் தூவினால் வேறொரு விளைச்சல். விதையின் தரத்தை ஆராயும் நாம், அது விழும் மண்ணையும் ஆராய வேண்டுமன்றோ? கணிப்பொறி மென்பொருளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். மென்பொருளுக்கு மண்ணாக அமைவது அதன் இயக்கச் சூழல். வணிகவியல் மாணவனாகிய நான் இதனைப் பாடநூலில் கற்கவில்லை. கோடை விடுமுறையில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பயிற்சி பெற்றபோது, ஒரு தவற்றின் வாயிலாகவே கற்றேன்.

நான் கண்ட தவறு

அந்நிறுவனம் தலையணை உறை, மேசை விரிப்பு முதலியவற்றை வெளியே சிறு தையற்காரர்களிடம் கொடுத்துத் தைத்து வாங்குவது வழக்கம். தையற்காரர் கொண்டுவரும் பில்லை நான் கணிப்பொறியில் பதிவேன். பின்னர் அது பண்டகசாலைப் பொறுப்பாளரின் சரிபார்ப்பு, கணக்கரின் சரிபார்ப்பு, மேலாளரின் ஒப்புதல் என மூன்று படிகளைக் கடந்து வங்கிக்குச் செல்லும். மேலாளர் மூன்று நாளில் பார்க்காவிடில் மென்பொருளே அவருக்கு நினைவூட்டும். நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

ஓர் இரவு நெடுநேரம் மின்தடை. மின்கலமும் ஓய்ந்து கணிப்பொறி நின்றுவிட்டது. மறுநாள் காலை அதனை இயக்கியபோது, 'நிலுவை ஏதும் இல்லை' என்று திரை காட்டியது. வேலை முடிந்துவிட்டதென்று நாங்களும் மகிழ்ந்தோம்! மூன்று வாரம் கழித்து, இரண்டே தையல் இயந்திரங்களை வைத்துப் பிழைக்கும் ஒரு முதியவர் வந்தார். "தம்பி, என் பில்லு எந்த மேசையில நிக்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுப்பா" என்றார். அது எந்த மேசையிலும் நிற்கவில்லை. அந்தப் பில்லைப் பதிந்தவன் நான். ஆனால் கணிப்பொறியில் அதன் சுவடே இல்லை. காகித நகல்களை ஒன்றொன்றாக ஒப்பிட்டதில் மொத்தம் பதினொரு பில்கள் மறைந்திருந்தமை தெரியவந்தது.

மென்பொருளை எழுதியவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கணக்கில் பிழையில்லை, படிகளின் வரிசையிலும் பிழையில்லை. காத்திருக்கும் பில்களைக் கணிப்பொறியின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்திருந்ததே பிழை. அதாவது, நாட்கணக்கில் வாழ வேண்டிய வேலையை, மின்சாரம் உள்ளவரை மட்டுமே வாழும் இடத்தில் குடியமர்த்திவிட்டார்கள்.

பணியோட்டம் என்பது யாது?

ஒரு பணி பலர் கைகளின் வழியே, வகுத்த வரிசையில் செல்வதே பணியோட்டம். இதனைப் படமாக வரைவதற்கு பி.பி.எம்.என். என்னும் குறியீட்டு முறை உண்டு. இதன் இரண்டாம் பதிப்பு 2011இல் வெளிவந்தது. 2013இல் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பும் இதனை ஏற்றது. வட்டம் நிகழ்ச்சியையும், முனை மழுங்கிய செவ்வகம் வேலையையும், சாய்சதுரம் வழி பிரியும் இடத்தையும் குறிக்கும்.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்று. கூட்டல் கழித்தல் செய்யும் நிரல் நொடியில் விடை தந்து ஓய்ந்துவிடும். பணியோட்டமோ தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் காத்திருப்பதிலேயே கழிக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006இன்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருப்பினும் சிறு தொழிலாளருக்குரிய தொகையை 45 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்களே. எனவே ஒரு பில் 45 நாட்கள் வரை உயிரோடிருக்கலாம். அதற்குள் கணிப்பொறி எத்தனை முறை நின்று எழுமோ, யாரறிவார்?

இயக்கச் சூழலின் அடுக்குகள்

இயக்கச் சூழல் என்பது ஒரே பொருளன்று, அடுக்கடுக்காக அமைந்தது. அடியில் கணிப்பொறி, அதன்மேல் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம், அதன்மேல் நிரல்மொழிக்குரிய இயக்கி, அருகில் தரவுத்தளம். 1995இல் வெளிவந்த ஜாவா மொழிக்கு ஜாவா மெய்நிகர் பொறி. 2002இல் மைக்ரோசாப்ட் வெளியிட்டது டாட்நெட். 2009இல் பிறந்தது நோட் ஜேஎஸ். ஃப்ளோவபிள் என்னும் பணியோட்டப் பொறி ஜாவாவில் இயங்குவது. என்8என் நோட் ஜேஎஸ்ஸில் இயங்குவது. ஆகவே பணியோட்டப் பொறியைத் தேர்ந்தால் பாதிச் சூழலையும் தேர்ந்தவராகிறோம்.

எவ்விடத்தில் இயக்குவது என்பது அடுத்த கேள்வி. இதற்கு நான்கு வழிகள் உள.

முதலாவது, அலுவலகக் கணிப்பொறியிலேயே நேரடியாக நிறுவுவது. எளிது, செலவு குறைவு. ஆனால் அப்பொறி நின்றால் அனைத்தும் நிற்கும்.

இரண்டாவது, டாம்கேட் போன்ற சேவையகத்தில் அமர்த்துவது. பல பயன்பாடுகள் ஒரே கூரையின்கீழ் வாழலாம்; ஒன்று நினைவகத்தை விழுங்கினால் மற்றவையும் தள்ளாடும்.

மூன்றாவது, கொள்கலன் முறை. 2013இல் டாக்கர் வந்தபின் இது பரவியது. மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைப்பொருள்களையும் ஒரே பொதியாகக் கட்டிவிடுவதால், சோதனை செய்த சூழலும் பணியாற்றும் சூழலும் பெரிதும் ஒத்திருக்கும். பல பொதிகளை மேய்ப்பதற்கு 2014இல் கூகுள் அறிவித்த குபர்னெட்டிஸ் உண்டு. ஆனால் அதனை மேய்ப்பதற்கே ஆள் வேண்டும்.

நான்காவது, அழைத்தால் மட்டும் விழித்தெழும் மேகக் கணிமை முறை. அமேசானின் லேம்டா 2014இல் அறிமுகமானது. அதில் வழக்கமான ஒரு செயற்கூறு ஓர் அழைப்புக்கு 15 நிமிடங்களுக்கு மேல் ஓட இயலாது. 15 நிமிடம் எங்கே, 45 நாள் எங்கே! அதனால்தான் படிநிலையைத் தனியே நினைவில் வைக்கும் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் என்னும் சேவை 2016இல் வந்தது. அதன் வழக்கமான வகையில் ஒரு பணியோட்டம் ஓராண்டு வரை காத்திருக்கலாம்.

கேட்க வேண்டிய வினாக்கள்

எதனைத் தேர்ந்தாலும் கீழ்க்காணும் ஐந்து வினாக்களைக் கேட்பது நலம் என்பது என் துணிபு.

1. காத்திருக்கும் பணி எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ஃப்ளோவபிள் போன்ற பொறிகள், பணி காத்திருக்கும் இடத்தை அடைந்ததும் அதன் நிலையைத் தரவுத்தளத்தில் எழுதிவிடுகின்றன. நினைவூட்டும் நேரமும் அங்கேயே பதிவாகும். பொறி நின்று எழுந்தால், தவறிய நினைவூட்டல்களைத் தரவுத்தளத்தில் கண்டு மீண்டும் தொடரும். கொள்கலனிலும் இதில் கவனம் தேவை. தரவுகளைக் கொள்கலனுக்குள்ளேயே வைத்தால், பழைய கொள்கலனை நீக்கும்போது தரவுகளும் போய்விடும்.

2. ஒரே படி இருமுறை நடந்தால் என்னாகும்? பணம் அனுப்பிய கணத்தில், 'அனுப்பியாயிற்று' என்று எழுதுமுன் பொறி நின்றால், மீண்டு எழுந்ததும் அப்படியை மறுபடி செய்யும். பில் மறைவது தையற்காரருக்கு இழப்பு. இருமுறை பணம் போவது நிறுவனத்துக்கு இழப்பு. பில் எண்ணைக் கொண்டு இரண்டாம் முறையைத் தடுக்கும் ஏற்பாடு வேண்டும்.

3. நேரமும் மொழியும் நம்முடையனவா? கொள்கலன்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தையே கொள்கின்றன. காலை 9 மணிக்கு என்று நாம் குறித்த நினைவூட்டல், இந்திய நேரம் பிற்பகல் 2.30க்கு வரும். அவ்வாறே, சுருக்கமாகக் கட்டிய பொதிகளில் தமிழ் எழுத்துருக்கள் இருப்பதில்லை. அச்சிட்ட ரசீதில் பெயருக்குப் பதில் வெற்றுக் கட்டங்களே நிற்கும்.

4. நினைவகத்தின் எல்லை யாது? ஜாவா பொறி, நாம் எதுவும் சொல்லாவிடில், பொதுவாகத் தான் காணும் நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கைத் தன் உச்சவரம்பாகக் கொள்ளும். ஜாவா எட்டாம் பதிப்பின் தொடக்க வெளியீடுகள் கொள்கலனின் எல்லையை அறியாமல் முழுக் கணிப்பொறியையும் கண்டு கணக்கிட்டன. 16 ஜி.பி. பொறியில் 1 ஜி.பி. எல்லையிட்ட கொள்கலனில் அது 4 ஜி.பி. வரை வளர முயலும். எல்லை மீறியதும் இயங்குதளம் அதனை நிறுத்திவிடும். 2018இல் வந்த பத்தாம் பதிப்பில் இக்குறை நீங்கியது.

5. இச்சூழலுக்கு ஆதரவு எத்தனை ஆண்டு? டாட்நெட்டின் நீள்கால ஆதரவுப் பதிப்புக்கு மூன்றாண்டு ஆதரவு உண்டு. 2006இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விண்டோஸ் ஒர்க்ஃப்ளோ ஃபவுண்டேஷன், 2016இல் வந்த டாட்நெட் கோரில் இடம்பெறவில்லை. அதனை நம்பியவர்கள் பழைய சூழலிலேயே தங்கவோ, வேறொன்றுக்கு மாறவோ நேர்ந்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் ஜாவா நூலகத்தில் பெரும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, உடனே புதுப்பிக்க இயன்றவர்களே நிம்மதியடைந்தனர்.

முடிவுரை

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்குங்கால், பெரிய சூழலே சிறந்த சூழல் என்று கொள்வது பொருந்தாது என்பது விளங்கும். நாளொன்றுக்குச் சில பத்துப் பில்கள் வரும் நிறுவனத்துக்குக் குபர்னெட்டிஸ் வேண்டுவதில்லை. ஒரு சேவையகம், தனித் தரவுத்தளம், இரவுதோறும் வேறிடத்தில் ஒரு நகல், இவற்றைப் பேணத் தெரிந்த ஒருவர் ஆகியனவே போதும். நான் பயிற்சி பெற்ற நிறுவனத்திலும் இறுதியில் அவ்வாறே செய்தனர். புதிய ஏற்பாட்டை ஏற்குமுன் ஒரு சோதனை நடந்தது: மாதிரிப் பில் ஒன்றைப் பாதி வழியில் நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, மீண்டும் இயக்கிப் பார்த்தோம். பில் மேலாளர் மேசையிலேயே காத்திருந்தது. எந்த நிறுவனமும் செலவின்றிச் செய்யத்தக்க சோதனை இது. மின்தடை வருமுன் நாமே செய்துவிடுவது நல்லது.

முதியவருக்கு உரிய தொகை அந்த வாரமே கிடைத்தது. எனினும், அதன்பின் நான் பயிற்சி முடித்துத் திரும்பும் வரை, அவர் ஒவ்வொரு பில்லின் நகலிலும் என் கையெழுத்தைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் சென்றார். நானும் மறுக்காமல் இட்டுக் கொடுத்தேன்.