‘நிறுத்து’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்

காலடிப்பேட்டை,
திருவொற்றியூர்.

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய பயணத் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். அரையாண்டு விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து மொத்தக் குடும்பமும் கிளம்பி வந்து காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், பழவேற்காடு என்று கரையோரமாகவே மூன்று நாள் சுற்றுவதாக எழுதியிருக்கிறாய். கோவா, கோவளம் என்று போகாமல் நம்ம பக்கம் வரத் தோன்றியதே, சந்தோஷம். டிசம்பரில் வருவதும் சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மே மாதம் வந்திருந்தால் கட்டிக் கிடக்கிற படகுகளையும் ஆனைவிலை மீனையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள்.

ஆனால் எனக்கு உதைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. விடிகாலை மீன் ஏலத்துக்கு எல்லாரும், கோயிலுக்கு எல்லாரும், படகு சவாரிக்கும் எல்லாரும். எண்பது தாண்டிய ஆயா, உன் அப்பா அம்மா, மாமனார் மாமியார், நீங்கள் இருவர், நாலு வயசுப் பாப்பா, கூட நானும் உன் அத்தையும். இத்தனை பேர் மூன்று நாளும் ஒரே மூட்டையாக நகர்வது பாசம் இல்லை. யார் முகமும் கோணக்கூடாது என்கிற பயம்தான்.

படகை முதலில் பேசிவிடுகிறேன். அது வேண்டாம்.

2011 டிசம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. உன்னைப் போலவே கிறிஸ்துமஸ் லீவுக்குக் குடும்பமாகப் பழவேற்காடு வந்தவர்கள் படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் ஒருவருக்கொருவர் உறவு. பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. தாங்குகிற அளவுக்கு மேல் ஆள் ஏறியிருந்தது, லைஃப் ஜாக்கெட் கிடையாது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். தடையைத் தாண்டியும் கரையில் யாராவது வந்து “அப்படியே ஒரு ரவுண்டு, பயமே இல்ல சார்” என்று கூப்பிடத்தான் செய்வார்கள். ஏரி பார்க்கத் தட்டையாக, முழங்கால் தண்ணீர் போலத்தான் தெரியும். முகத்துவாரத்தில் ஏரி கடலோடு சேருகிற இடத்தில் அலையும் நீரோட்டமும் ஒன்றையொன்று இடிக்கும். அங்கே தினம் தொழிலுக்குப் போகிறவனே பார்த்துத்தான் படகை விடுவான்.

அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எனக்குள் ஓடுவது இதுதான். படகில் ஏறும்போது ஒருவருக்காவது மனசு உறுத்தாமலா இருந்திருக்கும்? ஒரு பெரியம்மாவோ, புதுசாகக் கல்யாணம் ஆன மருமகளோ, “இவ்ளோ பேரா?” என்று நினைத்திருக்க மாட்டாளா? என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நம் குடும்பங்களில் என்ன நடக்கும் என்று தெரியும். மாமனார் ஆசைப்பட்டுவிட்டார், பிள்ளைகள் குதிக்கிறார்கள், நாம் எதற்குக் குறுக்கே என்று வாயை மூடிக்கொள்வோம். இரண்டு நடையாகப் போகலாம் என்றால்கூட “பிரிஞ்சு போறதுக்கா வந்தோம்?” என்று ஒரு குரல் வரும்.

நான் துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்தவன், அது உனக்குத் தெரியும். அங்கே என்ன முறை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கப்பல் கிடங்கின் வாயில் நின்று கை காட்டுகிறவன் ஒருத்தன்தான். வின்ச் ஓட்டுகிறவனுக்குக் கிடங்குக்குள் யார் நிற்கிறார்கள், சுமை எங்கே ஆடுகிறது என்று எதுவும் தெரியாது. அவன் கண் அந்த ஒரு கையின் மேலேயே இருக்கும். மேஸ்திரியே வந்து ‘ஏத்து’ என்று கத்தினாலும் ஏற்ற மாட்டான். ஆனால் ‘நிறுத்து’ மட்டும் அப்படி இல்லை. நேற்றுச் சேர்ந்த பையன் கையைத் தூக்கினாலும் சுமை அந்தரத்தில் நின்றுவிட வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்வோம். அது சில்லறைக் காரணமாக இருந்தாலும் அவனை வைய மாட்டோம். வைதால் அடுத்த முறை கை தூக்கமாட்டான்.

உன் பயணத்துக்கும் இதே முறைதான் வேண்டும். கிளம்பு, ஏறு, இறங்கு என்று சொல்ல ஒரே ஆள். அது உன் மனைவியாக இருக்கட்டும். நம் வீட்டில் மருமகள் சொல்லி மாமனார் கேட்பதா என்று உன் அப்பா மீசையை நீவுவார். “தாய்மாமன் எழுதிட்டார்” என்று சொல்லிவிடு, என் தலையில் போடு. வேண்டாம் என்று சொல்ல மட்டும் எல்லாருக்கும் உரிமை உண்டு, ஆயாவுக்கும், பாப்பாவுக்கும்கூட. “எனக்குப் பயமா இருக்கு” என்று அவள் சொன்னால், “ஒண்ணும் இல்லடா கண்ணு” என்று தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிற பழக்கம் நம் ஆண்களுக்கு இருக்கிறது. அது கூடாது.

பாப்பா விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஒன்பது பெரியவர்கள் கூட இருக்கும்போதுதான் குழந்தை தொலையும். அவள் பாட்டியிடம் இருக்கிறாள் என்று நீ நினைப்பாய், தாத்தாவிடம் என்று பாட்டி நினைப்பாள், தாத்தா டீக்கடையில் நிற்பார். காணும் பொங்கலன்று மெரினாவில் போலீஸ்காரர்கள் குழந்தைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்களே, அந்தக் கூட்டத்தில் தனியாக வந்த குழந்தை யார்? எல்லாம் குடும்பத்தோடு வந்ததுதான். நீயும் ஒரு பட்டை கட்டிவிடு. அதோடு, யார் பொறுப்பில் அவள் இருக்கிறாளோ அவர் தோளில் ஒரு சிவப்புத் துண்டு இருக்கட்டும். கைமாற்றும்போது துண்டையும் கொடுத்து, “இப்ப உன்கிட்ட” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். துண்டு போட்டவர் கையில் போன் இருக்கக்கூடாது. உன் மாமியார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மீன் ஏலத்துக்கு நானும் உன் மாமனாரும் மட்டும் போகிறோம். காசிமேட்டில் இருட்டோடு இருட்டாகப் போனால்தான் பார்க்க முடியும். தரை முழுக்க மீன்தண்ணியும் ஐஸும். கூடை சுமந்து வருகிற பெண்கள் “வழி, வழி” என்பார்கள். ஒதுங்கத் தெரியாதவன் இடி வாங்குவான். ஆயாவையும் பாப்பாவையும் அதற்குள் இழுத்துப் போய் என்ன ஆகப்போகிறது? அவர்கள் தூங்கட்டும். பாப்பாவுக்குச் சுறா வாங்கி வருகிறேன், புட்டு செய்தால் முள் பயம் இல்லை. வஞ்சிரம் விலை அன்றைக்கு எப்படியோ.

திருவொற்றியூரில் கடற்கரை காட்டுகிறேன் என்று பாப்பாவிடம் சொல்லி வைத்திருந்தால் இப்போதே திருத்திவிடு. அவள் மணலை எதிர்பார்ப்பாள், இங்கே இருப்பது கல். அதில் ஏறி நின்று போட்டோ எடுக்க உன் மாமனாருக்குக் கை துறுதுறுக்கும். அந்தக் கல்லை நான் தினம் பார்க்கிறேன். நனைந்த பக்கம் பச்சைப் பாசி, கால் வைத்தால் வழுக்கும். காய்ந்த பக்கம் சிப்பி ஒட்டி முனைமுனையாக நிற்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு குழந்தையின் கால் முழுசாக இறங்குகிற சந்து. அந்தச் சந்திலிருந்துதான் நண்டு எட்டிப் பார்க்கும், குழந்தை கையும் அங்கேதான் போகும். ரோட்டுப் பக்கம் நின்று பார்த்தால் போதும். தூண்டில் வளைவு போட்ட இடங்களில் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. காலையில் அங்கே அரை மணி நேரம் விளையாடட்டும், தண்ணீரில் இறங்காமல்.

ஏன் இங்கே மணல் இல்லை என்று அவள் கேட்டால் என்னிடம் அனுப்பு. இந்தக் கரையில் அலை வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870களில் தொடங்கித் துறைமுகச் சுவர் குறுக்கே எழுந்ததும் மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. மெரினா அவ்வளவு அகலமானது அதனால்தான். நமக்கு வரவேண்டிய மணல் வராமல் ராயபுரத்திலிருந்து இந்தப் பக்கம் கடல் கரையைத் தின்றது. வீடும் தெருவும் போன பிறகு கல் கொட்டினார்கள். அந்தச் சுவருக்குள் சம்பளம் வாங்கியவன் நான், குறை சொல்ல வாய் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. ஆனால் மெரினா பார்த்த குழந்தை இதையும் பார்க்க வேண்டும்.

கோயிலுக்கு மெட்ரோவில் தேரடி ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம். லிப்ட் இருக்கிறது, ஆயாவின் முட்டிக்கு நல்லது. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் ஆதிபுரீசுவரரைக் கவசம் இல்லாமல் தரிசிக்கலாம், அப்போது வந்திருக்கலாமே என்று உன் அம்மா அங்கலாய்ப்பாள். அந்த நெரிசலில் பாப்பாவை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. மார்கழிக் காலையில் வடிவுடையம்மனை நிதானமாகப் பார்க்கலாம். சுந்தரர் சங்கிலியாரைக் கைப்பிடித்த கதையை மகிழமரத்தடியில் உட்கார்ந்து ஆயா சொல்லட்டும். பட்டினத்தார் சமாதிக்கு வர விருப்பம் உள்ளவர்கள் வரலாம், மற்றவர்கள் பிரகாரத்திலேயே உட்காரலாம்.

பழவேற்காட்டுக்கு வேன் பேசியதாக எழுதியிருக்கிறாய். வேனைப் பொன்னேரிக்கு வரச் சொல். இங்கிருந்து விரைவுச்சாலை வழியாகப் போனால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பாப்பா டீசல் புகையில் வாந்தி எடுப்பாள். திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்துப் பொன்னேரியில் இறங்கலாம். அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர். எண்ணூர் தாண்டியதும் ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும். அந்த நேரத்தில் ஜன்னலோரம் உன் அப்பாவும் பாப்பாவும் மட்டும் இருக்கட்டும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ல் தொடங்கி 2017ல் மூடப்பட்டது, 450 மெகாவாட். அங்கே வேலை பார்த்துச் சாம்பல் படிந்த சட்டையோடு வீடு வந்த மனிதர் உன் அப்பா. நமக்கு எதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை, பேத்திக்குச் சொல்வார். நடுவில் நீ புகுந்து கூகுள் பார்த்துத் திருத்தாதே.

அவள் தண்ணீர் ஏன் கருப்பாக இருக்கிறது என்று கேட்டால் மழுப்பவும் வேண்டாம். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியது, வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றிலும் கழிமுகத்திலும் பரவியது. மீன்பிடிக்கிறவர்களே படகில் போய் அள்ளினார்கள். அந்த மாசமே 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சு முட்டித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். நாலு வயசுக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொல்லுங்கள். பாப்பாவுக்கு வீசிங் இருப்பதால் அந்தப் பஃப்பை உன் சட்டைப்பையில் வை, பெட்டிக்குள் போடாதே.

பழவேற்காட்டில் படகு இல்லாவிட்டால் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். டச்சுக்காரர்கள் 1610லேயே வந்து இறங்கிய ஊர் அது. அவர்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகள் நிற்கின்றன. பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், பாப்பா விலா எலும்பை எண்ண ஆரம்பித்துவிடுவாள். ஏரியில் பூநாரைகள் வந்திருந்தால் கரையிலிருந்தே தெரியும். பைனாகுலர் எடுத்து வா. வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.

இன்னொன்று. ஆயா வெளியே கிளம்பினால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டாள். கழிப்பறை எங்கே என்று ஆண்பிள்ளைகளிடம் கேட்க வெட்கம். உன் மாமியாரும் அப்படித்தான் என்று அத்தை சொல்கிறாள். சாப்பிடுகிற ஓட்டலை மீன் ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்காதே, கழிப்பறையைப் பார்த்துத் தேர்ந்தெடு. பொன்னேரியில் ஒன்றும் பழவேற்காட்டில் ஒன்றுமாக நான் முன்கூட்டியே போய்ப் பார்த்து வைக்கிறேன்.

துறைமுகத்தில் புயல் கூண்டு எதுவும் ஏற்றியிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடு, டிக்கெட் காசு போனால் போகட்டும். வருகிற ரயிலையும் தேதியையும் எழுது. உன் மாமனார் நண்டு சாப்பிடுவாரா என்று உன் மனைவியிடம் கேட்டு எழுது, அவரிடமே கேட்டால் மரியாதைக்குச் ‘சாப்பிடுவேன்’ என்றுதான் சொல்வார். பாய் தலையணை போதாது, இரண்டு போர்வை கொண்டுவா.

இப்படிக்கு,
உன் மாமா.